சம்பளப் பட்டுவாடாவும் வருமான வரியும்

மாதம் முடிந்தால் சம்பளம் வருகிறது. வருகின்ற சம்பளம் முழுமையாக வருவதில்லை. வைப்பு நிதி, தொழில் வரி, வருமான வரி என்று சிலவற்றைக் கழித்துக்கொண்டு எஞ்சியதே நம் கைக்கு வந்து சேர்கிறது. எஞ்சிய தொகை எவ்வளவு என்று நாம் எல்லோரும் பார்க்கிறோம். கழிக்கப்பட்ட தொகை எங்கே சென்றது, எப்பொழுது சென்றது, யாருடைய பெயரில் சென்றது என்று பார்ப்பவர் நம்மில் சிலரே. சர்க்கார் கேட்கிறது, முதலாளி பிடிக்கிறார், அத்துடன் நம் பொறுப்புத் தீர்ந்தது என்று இருந்துவிடுகிறோம். அவ்வாறு இருந்துவிடுவது எவ்வளவு நஷ்டத்திற்கு இடமளிக்கும் என்பதையும், இந்நாளில் சம்பளக் கணக்கை எழுதும் மென்பொருளை வரித்துறைக்கு ஏற்றபடி அமைப்பது எப்படி என்பதையும் இன்று நாம் சிறிது ஆராய்வோம்.

இப்பொருளைப் பற்றிப் பேசக் கல்கத்தாவைவிடப் பொருத்தமான நகரம் வேறொன்று இல்லை. இந்தியாவில் வருமான வரி பிறந்தது இந்நகரில்தான். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் காலியான கஜானாவை நிரப்பும் பொருட்டு இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டவர் ஜேம்ஸ் வில்சன். 1843இல் 'எக்கானமிஸ்ட்' என்னும் பத்திரிகையை நிறுவியவரும் அவரே. 1860இல் அவர் இங்கே வருமான வரியைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய் வருமானம் உள்ளவரையும் அவ்வரி தொட்டது. அப்பொழுது சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த சர் சார்லஸ் டிரெவிலியன் அவ்வரியை வெளிப்படையாகவே எதிர்த்தார்; அதன் பயனாகப் பதவியினின்றும் திரும்ப அழைக்கப்பட்டார். வில்சனோ அதே ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் கல்கத்தாவிலேயே காலமானார். பாலிகஞ்சிலிருந்து வெகு தொலைவில் இல்லாத மல்லிக் பஜார் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. நெடுங்காலம் மறந்துபோயிருந்த அதனை 2007இல் வருமான வரித்துறை அதிகாரி ஒருவரே தேடிக் கண்டறிந்தார்.

கணக்குக்கும் தமிழருக்கும் இந்நகரில் உள்ள உறவும் பழையது. டல்ஹௌசி சதுக்கத்தைச் சுற்றியிருந்த கம்பெனிகளிலும் சர்க்கார் அலுவலகங்களிலும் சுருக்கெழுத்தாளராகவும் கணக்கராகவும் வந்து சேர்ந்த தமிழர்கள், லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ, பாலிகஞ்ச் முதலான தெற்குப் பகுதிகளில் குடியேறினார்கள். பேரேட்டில் ஒரு பைசா வேறுபட்டாலும் வீட்டுக்குப் போகாமல் தேடிய தலைமுறை அது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அதே வேலையைக் கணிப்பொறியின் முன் அமர்ந்து செய்கிறார்கள். கருவி மாறியிருக்கிறது, பொறுப்பு மாறவில்லை.

முதலில் ஒரு கேள்வி எழலாம். ஆண்டு முடிவில் ஒரே முறையாக வரியை வாங்கிக்கொள்ளாமல், மாதந்தோறும் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வது ஏன்? இதற்கு விடையைச் சங்கப் புலவர் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு உரைத்த அறிவுரையிலேயே காணலாம். விளைந்த நெல்லை அறுத்துக் கவளம் கவளமாக யானைக்குக் கொடுத்தால் சிறு நிலத்து விளைவும் பல நாளைக்குப் போதும். யானை தானே வயலில் புகுந்தால் அது உண்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி என்று அவர் சொன்னார். 2019 ஜூலை 5ஆம் நாள் வாசித்த பட்ஜெட் உரையில் நிதியமைச்சரும் இதனை எடுத்துக்காட்டினார். ஆண்டு முடிவில் ஒரு லட்சம் ரூபாய் கட்டு என்றால் நடுத்தரக் குடும்பம் திகைத்துப்போகும். மாதம் எட்டாயிரமாகப் போனால் குடும்பம் அதற்கேற்பத் தன் செலவை வகுத்துக்கொள்ளும். ஆனால் கவளம் யானையின் வாய்க்குப் போய்ச் சேர வேண்டும் அன்றோ? நடுவழியில் சிந்திவிட்டால், யானை மறுபடியும் வயலைத் தேடி வரும். இங்கேதான் மென்பொருளின் பணி தொடங்குகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மாதம் 1,25,000 ரூபாய் சம்பளம் பெறும் ஒருவரின் 2025-26 நிதியாண்டு வருமானம் 15,00,000 ரூபாய். புதிய வரிமுறையில் நிலையான கழிவு 75,000 ரூபாய் போக, வரிக்குரியது 14,25,000 ரூபாய். முதல் 4 லட்சத்திற்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்திற்கு 5 சதவீதம், அதாவது 20,000 ரூபாய். அதற்கடுத்த 4 லட்சத்திற்கு 10 சதவீதம், 40,000 ரூபாய். மீதி 2,25,000 ரூபாய்க்கு 15 சதவீதம், 33,750 ரூபாய். ஆகமொத்தம் 93,750 ரூபாய். இதன்மேல் 4 சதவீத செஸ் 3,750 ரூபாய் சேர்த்தால் 97,500 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,125 ரூபாய். இந்தக் கணக்கை மென்பொருள் இமைப்பொழுதில் போட்டுவிடும், தவறாகவும் போடாது. தவறு நேர்வது கணக்கில் அன்று. கணக்குக்கு முன்னால் மனிதர் அதற்குச் சொல்லிக்கொடுக்கும் விவரங்களில்தான். இன்றைய பேச்சின் சாரமே இதுதான் என்று நேயர்கள் கொள்ளலாம்.

இனி, பாலிகஞ்சில் இருபத்தைந்து பேர் வேலை செய்யும் ஒரு சிறு நிறுவனத்தை எண்ணிக்கொள்வோம். அதன் தலைமை அலுவலகம் சென்னையில் இருக்கிறது. சம்பள மென்பொருளையும் சென்னையிலேயே அமைத்துக் கிளை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். கிளையின் கணக்கர் அதனைத் திறந்தவுடன் சரிபார்க்க வேண்டியவை யாவை?

முதலாவது, நிறுவனத்தின் பிடித்த எண். டான் என்று வழங்கும் இந்த எண் பத்து எழுத்துகளைக் கொண்டது: முதலில் நான்கு எழுத்து, பிறகு ஐந்து இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. முதல் மூன்று எழுத்தும் ஊரைக் குறிப்பன. சென்னை எண் சி, எச், இ என்று தொடங்கும். கல்கத்தா எண் சி, ஏ, எல் என்று தொடங்கும். 2001இல் நகரத்தின் ஆங்கிலப் பெயர் கொல்கத்தா என்று மாறிய பின்னும் வரித்துறையின் எண்ணில் பழைய பெயரின் எழுத்துகளே நிலைத்திருக்கின்றன. கிளைக்குத் தனி எண் பெற்றிருந்தால் அதனையும், தலைமை அலுவலகமே எல்லோருக்கும் பிடித்துக் கட்டுவதாயிருந்தால் அதன் எண்ணையும் மென்பொருளில் பொருத்த வேண்டும். ஓர் எண்ணில் பணத்தைக் கட்டி மற்றோர் எண்ணில் அறிக்கை கொடுத்தால் இரண்டும் ஒன்றோடொன்று சேர்வதில்லை. பணம் சர்க்காரிடம் இருக்கும். கணக்கு அந்தரத்தில் நிற்கும்.

இரண்டாவது, ஊழியரின் நிரந்தரக் கணக்கு எண்ணாகிய பான். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. தமிழர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியதும் இதுவே. இதிலும் பத்து எழுத்துகள்: ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், மறுபடி ஓர் எழுத்து. தனி மனிதருக்குரிய எண்ணாயின் நான்காம் எழுத்து 'பி' ஆக இருக்கும். ஐந்தாம் எழுத்து குடும்பப் பெயரின் முதல் எழுத்து. குடும்பப் பெயரா? முகர்ஜிக்கும் சட்டர்ஜிக்கும் அது எளிது. நமக்கோ தந்தை பெயரின் தலையெழுத்தும் சொந்தப் பெயரும் அன்றி வேறில்லை. பான் விண்ணப்பத்தில் தலையெழுத்தை மட்டும் எழுத இடமில்லை. விரித்தே எழுத வேண்டும். சு. குமரன் என்பவர் கடைசிப் பெயராகத் தந்தை பெயரை எழுதியிருந்தால் அவர் பானின் ஐந்தாம் எழுத்து 'எஸ்'. தம் பெயரையே கடைசிப் பெயராக எழுதியிருந்தால் 'கே'. ஆதாரில் எஸ். குமரன், பானில் குமரன் சுப்பையா, வைப்பு நிதிக் கணக்கில் குமரன் எஸ். என்று ஒரே மனிதர் மூன்று பேராக உலவுவதை நாம் பார்க்கிறோம்.

இதனால் என்ன தொல்லை என்று கேட்கலாம். வரிப் பிடித்தம் பெயரைக் கொண்டு அன்று, எண்ணைக் கொண்டே ஊழியரின் கணக்கில் சேர்கிறது. ஆயினும் பானையும் ஆதாரையும் இணைக்கும்போது பெயர் ஒத்திருக்க வேண்டும். இணைக்கத் தவறிய பான்கள் 2023 ஜூலை 1 முதல் செயலற்றவை ஆயின. பான் செயலற்றிருந்தாலும், கொடுக்கப்படாமலே இருந்தாலும், வரிக்குரிய வருமானமுள்ள ஊழியரிடம் குறைந்தது 20 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது விதி. மேலே கண்ட கணக்கில் 14,25,000 ரூபாய்க்கு 20 சதவீதம் என்றால் 2,85,000 ரூபாய். மாதம் 8,125 ரூபாய் போக வேண்டிய இடத்தில் 23,750 ரூபாய் போகும். வைப்பு நிதியிலோ, ஆதாரில் உள்ள பெயரோடு கணக்கின் பெயர் ஒவ்வாவிட்டால் பணத்தை எடுக்கும் நாளில் தடை நேரிடும். ஆகவே புதிய ஊழியர் சேர்ந்த அன்றே மூன்று ஆவணங்களையும் அருகருகே வைத்துப் பெயரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வேறுபாடு இருந்தால் முதலில் ஆதாரையும் பானையும் ஒன்றுபடுத்திவிட்டு, அந்த வடிவத்தையே மென்பொருளில் எழுத வேண்டும்.

இதைவிட நுட்பமான தொல்லை வேறொன்று உண்டு. எண்ணில் ஓர் இலக்கம் மாறி அச்சாகிவிட்டால் என்ன ஆகும்? அறிக்கைக் கோப்பைச் சோதிக்கும் கருவி, எழுத்தும் இலக்கமும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்குமேயன்றி, அந்த எண் இன்னாருடையதுதானா என்று பாராது. வடிவம் சரியாயிருந்தால் கோப்புத் தேறிவிடும். நம்மவர் பணம் நாம் அறியாத ஒருவர் கணக்கில் சேரக்கூடும். இதற்குப் பரிகாரமாக, பிடித்தம் செய்யும் நிறுவனங்கள் ஒவ்வொரு பான் எண்ணையும் உரியவர் பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்க வரித்துறையின் 'டிரேசஸ்' தளத்தில் வசதி அளித்திருக்கிறார்கள். இருபத்தைந்து பேருக்கு இதனைச் செய்து முடிக்க ஒரு பகல் போதும்.

மூன்றாவது, மாநிலம். மென்பொருளில் ஒவ்வொரு கிளைக்கும் மாநிலத்தைக் குறிக்க ஓர் இடம் இருக்கும். அதில் தமிழ்நாடு என்றிருப்பதை மேற்கு வங்காளம் என்று மாற்றாமல் விட்டால் தொழில் வரி பிழையாகும். அரசியலமைப்பின் 276ஆம் பிரிவு, தொழில் வரி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேற்படலாகாது என்கிறது. அந்த வரம்புக்குள் மாநிலங்கள் தத்தம் விருப்பப்படி விதித்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் அதனை வாங்குவது மாநகராட்சி, நகராட்சி முதலிய உள்ளாட்சி மன்றங்கள். அரையாண்டுக்கு ஒரு முறை வாங்குகின்றன. மேற்கு வங்காளத்திலோ 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில சர்க்காரே மாதந்தோறும் வாங்குகிறது. மாதச் சம்பளம் 10,000 ரூபாய் வரை வரி இல்லை. 15,000 வரை 110 ரூபாய். 25,000 வரை 130 ரூபாய். 40,000 வரை 150 ரூபாய். அதற்கு மேல் 200 ரூபாய். பணத்தை மாநிலத்தின் 'கிரிப்ஸ்' என்னும் இணையக் கருவூல வாயில் மூலம் செலுத்த வேண்டும். சென்னை அமைப்பில் விட்டுவைத்த மென்பொருள், பாலிகஞ்ச் ஊழியரிடம் சில மாதம் ஒன்றும் பிடிக்காமல் இருந்து, ஒரு மாதத்தில் திடீரென்று பெருந்தொகையைப் பிடிக்கும். அதனை இங்கே ஏற்பவரும் இல்லை. அங்கே கேட்பவரும் இல்லை. பம்பாயில் இருக்கும் நேயர்கள் பிப்ரவரியில் மட்டும் 200க்குப் பதில் 300 ரூபாய் பிடிப்பதைக் கவனித்திருப்பார்கள். பதினொரு மாதத்து 2,200 ரூபாயோடு அது சேர்ந்து 2,500 ஆகிறது. டில்லியில் இருப்பவர்களுக்கோ இவ்வரியே கிடையாது.

நான்காவது, வரிமுறை. 2023-24 நிதியாண்டு முதல், ஊழியர் வேறு சொல்லாவிட்டால் புதிய வரிமுறையையே மென்பொருள் கொள்ள வேண்டும். வீட்டு வாடகைக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் கழிவு வேண்டுவோர் பழைய முறையைத் தெரிந்துகொண்டதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மற்றொன்று: தொழில் வரியாகக் கட்டிய தொகையைப் பழைய முறையில் வருமானத்திலிருந்து கழிக்கலாம், புதிய முறையில் கழிக்க இயலாது. மென்பொருளில் ஊழியருக்கு ஊழியர் இக்குறியைத் தனித்தனியே இட வேண்டும். எல்லோருக்கும் ஒன்றாக இட்டு நகர்ந்துவிடுவது சரியன்று.

ஐந்தாவது, முந்தைய வேலையில் பெற்ற சம்பளம். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது மிகவும் வேண்டிய செய்தி. மேலே சொன்ன அதே 1,25,000 ரூபாய் சம்பளக்காரர் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்தார். அங்கே மாதம் 8,125 வீதம் 48,750 ரூபாய் பிடித்தார்கள். அக்டோபரில் அதே சம்பளத்தில் பாலிகஞ்ச் நிறுவனத்தில் சேர்ந்தார். பழைய சம்பளத்தைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. இங்குள்ள மென்பொருள் ஆறு மாதச் சம்பளமாகிய 7,50,000 ரூபாயை மட்டும் பார்க்கிறது. 75,000 கழித்து 6,75,000. 12 லட்சத்துக்கு உட்பட்ட வருமானத்திற்குரிய வரித் தள்ளுபடியால் வரி ஒன்றுமில்லை என்று தீர்மானிக்கிறது. அவரும் கை நிறைய வருகிறதே என்று மகிழ்ந்திருக்கிறார். ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும்போதுதான் மீதி 48,750 ரூபாயும் அதற்கு வட்டியும் ஒருங்கே வந்து நிற்கும். யானை வயலில் இறங்கிவிட்டது என்று சொல்லலாம். வேலை மாறி வருபவர் பழைய சம்பளத்தையும் பிடித்த வரியையும் எழுதிக் கொடுக்கச் சட்டம் வழிசெய்திருக்கிறது. அந்த எண்களை இட மென்பொருளிலும் தனி இடம் உண்டு. அதனை வெறுமையாக விடலாகாது.

ஆறாவது, சட்டமும் காலமும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திற்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 2026 ஏப்ரல் 1 அதன் தொடக்க நாள். பழைய சட்டத்தில் சம்பளப் பிடித்தம் 192ஆம் பிரிவு; புதியதில் 392ஆம் பிரிவு. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைப் பேச்சு நீங்கி, வரி ஆண்டு என்ற ஒரே சொல் வந்திருக்கிறது. பிரிவின் எண் மாறியபோதிலும் வேலையின் முறை மாறவில்லை. ஆயினும் 2026 மார்ச் வரையுள்ள சம்பளத்திற்குப் பழைய சட்டத்தின் எண்களும், அதன்பின் உள்ளதற்குப் புதியவையும் என்று மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மென்பொருளைப் புதுப்பிக்காமல் பழைய பதிப்பையே ஓட்டிக்கொண்டிருப்பது, பழைய பஞ்சாங்கத்தைக் கொண்டு முகூர்த்தம் பார்ப்பதை ஒக்கும்.

இவ்வளவும் சரியானபின், அறிக்கை சர்க்காரிடம் செல்லும் வழியைப் பார்ப்போம். காகிதத்தில் அறிக்கை கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 2003இல் இதற்கென ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டு, கம்பெனிகள் மின்னணு முறையிலேயே அறிக்கை தர வேண்டியதாயிற்று. மாதந்தோறும் பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்திற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை தவணை. கட்டியதற்கு அடையாளமாக வங்கியின் ஏழு இலக்கக் குறி, தேதி, செலானின் ஐந்து இலக்க எண் ஆகியவை கிடைக்கும். இந்த மூன்றையும் மென்பொருளில் அந்தந்த மாதத்துப் பிடித்தத்திற்கு நேராக எழுத வேண்டும். காலாண்டு முடிந்ததும் மென்பொருள் ஒரு கோப்பை உண்டாக்கும். அதனைத் திறந்து பார்த்தால் வெறும் எழுத்தும் எண்ணும், அவற்றுக்கிடையே வீட்டுக் கூரைபோன்ற ஒரு சிறு குறியுமாக இருக்கும். செலானுக்கு ஒரு வரிசை, ஊழியருக்கு ஒரு வரிசை. பார்வைக்கு ஒன்றும் விளங்காத இக்கோப்புத்தான், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 24க்யூ என்று பெயர் பெற்ற காலாண்டு அறிக்கை.

இக்கோப்பை, வரித்துறைக்காக இலவசமாக வழங்கப்படும் சோதனைக் கருவியில் இட வேண்டும். வரித்துறைத் தளத்திலிருந்து இறக்கிய செலான் கோப்பையும் உடன் வைத்தால், நாம் எழுதிய செலானும் வங்கியில் கட்டிய செலானும் ஒன்றா என்று கருவி ஒத்துப்பார்க்கும். பிழையிருந்தால் எந்த வரிசையில் என்ன பிழை என்று சொல்லும். தேறியபின் கோப்பை வரித்துறையின் இணைய வாயிலில் ஏற்றி, மின்னொப்பத்தாலோ செல்லிடப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணாலோ உறுதி செய்ய வேண்டும். இதற்குக் கெடு முதல் மூன்று காலாண்டுகளுக்கு முறையே ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31. கடைசிக் காலாண்டுக்கு மே 31. கடைசிக் காலாண்டு அறிக்கையில் மட்டும் ஒவ்வோர் ஊழியரின் முழு ஆண்டுச் சம்பளமும் கழிவுகளும் விரிவாக இடம்பெறும். ஆகவே அதற்கு முன் எல்லோருடைய சான்றுகளையும் வாங்கிவைப்பது நன்று.

கெடு தவறினால் அறிக்கைக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். முப்பது நாள் தாமதம் 6,000 ரூபாய். பிடித்த வரியின் அளவே இதற்கு மேல்வரம்பு. பணத்தையே தாமதமாகக் கட்டினால் மாதத்துக்கும் மாதத்தின் பகுதிக்கும் ஒன்றரைச் சதவீத வட்டி. ஏப்ரல் 30ஆம் தேதி பிடித்த ஒரு லட்சம் ரூபாயை மே 7க்குப் பதில் மே 8இல் கட்டினால், ஏப்ரல் ஒன்று, மே ஒன்று என இரண்டு மாதமாக எண்ணி 3,000 ரூபாய் வட்டி கேட்பது வரித்துறைக் கணிப்பொறியின் வழக்கம். ஒரு நாள் சோம்பலுக்கு மூவாயிரம் என்பது அதிகம் அன்றோ? மென்பொருளில் 5ஆம் தேதியன்றே நினைவூட்டும்படி அமைத்துக்கொண்டால் இந்த நஷ்டம் இல்லை.

இப்பொழுது ஊழியரின் பக்கம் திரும்புவோம். முதலாளி பிடித்துவிட்டார், ஆனால் கட்டவில்லை; அல்லது கட்டினார், தவறான எண்ணில் கட்டினார். யார் பொறுப்பு? பிடித்த அளவுக்கு ஊழியரிடம் மறுபடி வரி கேட்கலாகாது என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 205ஆம் பிரிவு சொன்னது. ஏட்டளவில் இது நல்ல காப்பு. நடைமுறையிலோ, ஊழியர் தம் கணக்கைத் தாக்கல் செய்யும்போது, பிடித்ததாக அவர் சொல்லும் தொகை வரித்துறையின் பதிவில் இல்லையென்றால், திரும்பி வரவேண்டிய பணம் நின்றுபோகிறது. சில வேளை மீண்டும் கட்டு என்று அறிவிப்பும் வருகிறது. மகள் படிப்புக்கென்று ஒதுக்கிவைத்த பணம் விளக்கக் கடிதங்களுக்கிடையே சிக்கிக்கிடக்கிறது. பிழையைத் திருத்த நிறுவனம் திருத்த அறிக்கை கொடுக்கலாம். அதற்கும் கால வரம்பு உண்டு. நிறுவனமே மூடப்பட்டுவிட்டால், அல்லது ஊழியர் வேறு ஊருக்கு மாறிப்போய்விட்டால், திருத்தச் சொல்லி யாரிடம் போவது? ஆகையால் நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட, வருமுன் காப்பதே அறிவு.

காப்பது கடினமும் அன்று. வரித்துறையின் தளத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆண்டுத் தகவல் அறிக்கை உண்டு. 2021 முதல் அது விரிவான வடிவில் கிடைக்கிறது. காலாண்டு அறிக்கையின் கெடு கழிந்து சில வாரத்தில் அதனைத் திறந்து பார்க்க வேண்டும். நம் சம்பளச் சீட்டில் மாதம் 8,125 ரூபாய் என்றிருந்தால், காலாண்டுக்கு 24,375 ரூபாய் நம் நிறுவனத்தின் பெயரில் அங்கே இருக்க வேண்டும். இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் அன்றே கணக்கரிடம் சென்று சொல்ல வேண்டும். ஆண்டுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிஷம். இதைச் செய்யும் ஊழியரைக் கண்டு நல்ல கணக்கர் கோபிக்கமாட்டார். தம் பிழையை முன்னதாகக் காட்டிக்கொடுத்த நண்பராகவே கருதுவார்.

இயந்திரம் வந்தால் குமாஸ்தாவின் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய நகரமும் இதுதான். இந்தியாவின் முதல் மின்னணுக் கணிப்பொறி 1950களின் நடுவில் கல்கத்தாவின் பாரநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு வந்தது. அடுத்த பத்தாண்டின் பிற்பகுதியில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் இலாக்கோ ஹவுஸ் கட்டடத்தில் கணிப்பொறி நிறுவப்படுவதை எதிர்த்து ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். அந்த அச்சம் பொருளற்றது என்று நாம் சொல்லமாட்டோம். கூட்டிக் கழிக்கும் வேலை பெரும்பாலும் இயந்திரத்துக்கே போய்விட்டது. ஆனால் எந்த எண்ணைக் கூட்டுவது, யார் பெயரில் எழுதுவது, எந்த மாநிலத்தின் விதியைக் கொள்வது என்று தீர்மானிக்கும் வேலை மனிதரிடமே இருக்கிறது. முன்னே கணக்கரின் பிழை ஒரு பேரேட்டின் ஒரு பக்கத்தில் நின்றது. இன்று அமைப்பில் ஒரு முறை செய்த பிழை, மாதந்தோறும், ஊழியர்தோறும், ஒருவர் கண்ணிலும் படாமல் பெருகிக்கொண்டே போகிறது. ஆதலின் கணக்கரின் கவனம் முன்னைவிடக் கூடுதலாகவே வேண்டியிருக்கிறது.

சம்பளத்திலிருந்து பிடித்த வரி, கஜானாவில் நம் பெயரில் பதிவாகும் வரை நம் உழைப்பின் பகுதியே. அதனைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது முதலாளியின் கடமை. சேர்ந்ததா என்று பார்ப்பது நம் உரிமை. ஆகவே, வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களே, இந்த வாரத்திலேயே உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து, அதில் உள்ள பான் எண்ணை உங்கள் அட்டையோடு ஒப்பிடுங்கள். தொழில் வரி நீங்கள் வேலை செய்யும் மாநிலத்துக்கு உரியதா என்று பாருங்கள். இந்த ஆண்டில் வேலை மாறியிருந்தால் பழைய சம்பள விவரத்தைக் கணக்கரிடம் எழுதிக் கொடுங்கள். இம்மூன்றும் ஒழுங்காயிருந்தால் மற்றவற்றை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.